12 மணி நேரம், 167 கி.மீ., 3,800 மீட்டர் உயரம்: மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு உடம்பை எப்படித் தயார் செய்வது?

மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் உங்களால் சைக்கிள் ஓட்ட முடியுமா? ‘இதெல்லாம் ஒரு கேள்வியா? காய்கறி வாங்கப் போகும்போதே அதைவிட வேகமா போவேனே’ என்பீர்கள். அந்தச் சராசரி வேகத்தை ஒரு மலைப் பாதையில் 12 மணி நேரம் தக்கவைத்தால் போதும். அமெரிக்காவின் பிரபலமான மவுன்டன் பைக் பந்தயங்களில் ஒன்றான ‘லீட்வில் டிரெயில் 100’-ஐ முடித்துவிடலாம்.

கேட்க ஈஸிதான். ஆனால், மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறவர்களிலும் பலர் ஒவ்வோர் ஆண்டும் அந்த 12 மணி நேரத்தைத் தவறவிடுகிறார்கள். காலில் பலம் இல்லாததால் அல்ல. முதல் 2 மணி நேரத்தில் அவசரப்பட்டது, நடுவில் சாப்பிட மறந்தது, உயரத்தைக் குறைத்து மதிப்பிட்டது எனப் பெரும்பாலும் காரணங்கள் வேறாக இருக்கின்றன. நீண்ட தூரப் பந்தயம் என்பது பலப்பரீட்சை என்பதைவிட ஒரு வரவு செலவுக் கணக்கு. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று பார்க்கலாம்.

இது என்ன பந்தயம்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில் இருக்கிறது லீட்வில். சுரங்கத்தை நம்பி வாழ்ந்த சின்ன ஊர். 1982-ல் பக்கத்தில் இருந்த கிளைமாக்ஸ் மாலிப்டினம் சுரங்கம் வேலையை நிறுத்தியதும், ஊரே ஒரே நேரத்தில் வேலையில்லாமல் நின்றது. வெளியூர்க்காரர்கள் ஒரு ராத்திரியாவது இங்கே வந்து தங்கினால்தான் ஊர் பிழைக்கும் என்று நினைத்த கென் க்ளோபர் என்ற சுரங்கத் தொழிலாளி, 1983-ல் 100 மைல் ஓட்டப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். அதே வரிசையில் 1994-ல் வந்ததுதான் சைக்கிள் பந்தயம். இன்று ஆகஸ்ட் மாதம் நடக்கும் இந்தப் பந்தயத்தில் இடம் கிடைக்கவே பெரும்பாலானவர்கள் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

பெயரில் 100 மைல் என்று இருந்தாலும், உண்மையான தூரம் கொஞ்சம் அதிகம்; சுமார் 167 கி.மீ. ஏறக்குறைய சென்னையிலிருந்து விழுப்புரம் வரையிலான தூரம். 12 மணி நேரத்துக்குள் முடித்தால் பெல்ட்டில் மாட்டும் வெள்ளி பக்கிள். 9 மணி நேரத்துக்குள் முடித்தால் அதைவிடப் பெரிய, தங்கம் கலந்த பக்கிள். தொழில்முறை வீரர்களின் கதை வேறு. 2015-ல் ஆஸ்திரியாவின் ஆல்பன் லகாட்டா 6 மணி நேரத்துக்குள் முடித்து அசத்தினார். ஆனால், வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஆபீஸ் போகிறவர்கள், வார இறுதியில் மட்டும் நேரம் கிடைப்பவர்கள். இந்தக் கட்டுரை அவர்களின் தயாரிப்பைப் பற்றியது.

14 கி.மீ. வேகம் ஏன் கஷ்டம்?

ஏனென்றால், அந்த வேகத்தில் நீங்கள் ஓட்டவே போவதில்லை. ஒன்று, அதைவிட ரொம்ப மெதுவாக ஏறுவீர்கள். இல்லையென்றால், அதைவிட ரொம்ப வேகமாக இறங்குவீர்கள்.

போன வழியிலேயே திரும்பி வரும் பாதை இது. சுமார் 64-வது கி.மீ.-ல் ட்வின் லேக்ஸ் என்ற இடம். தொடங்கிய 4 மணி நேரத்துக்குள் இதைத் தொடாவிட்டால் அதற்கு மேல் போக அனுமதி இல்லை. அதைத் தாண்டியதும் ஆரம்பிக்கிறது கொலம்பைன் ஏற்றம். சுமார் 13 கி.மீ. தூரத்தில் 950 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். நடுத்தர வேகக்காரர்களுக்கு இது இரண்டு, இரண்டரை மணி நேர வேலை. உச்சிக்குப் பக்கத்தில் பாதை முழுக்கச் சரளைக் கல். அங்கே பலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறார்கள். சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் திரும்பு முனை. அதோடு பாதித் தூரம் முடிகிறது.

திரும்பி வரும்போது, சுமார் 128-வது கி.மீ.-ல் பவர்லைன் என்ற செங்குத்து ஏற்றம் காத்திருக்கிறது. மின்கம்பிக்குக் கீழே நேராக மேலே போகும் பாதை. 8 மணி நேரத்துக்கும் மேல் ஓட்டிக் களைத்த காலோடு அங்கே வந்து சேருவீர்கள். மொத்தப் பந்தயத்தில் ஏறும் உயரத்தைக் கூட்டினால் சுமார் 3,500 மீட்டர்.

12 மணி நேரத்தைக் குறிவைப்பவர் கணக்கு தோராயமாக இப்படி இருக்கும்: ட்வின் லேக்ஸ் 3 மணி 40 நிமிடம், கொலம்பைன் உச்சி 6 மணி 15 நிமிடம், திரும்ப ட்வின் லேக்ஸ் 7 மணி 10 நிமிடம். மீதி தூரத்துக்கு 4 மணி 50 நிமிடம். இதில் பஞ்சர் ஒட்ட, தண்ணீர் நிரப்ப, கழிப்பறை போக என்று தனியாக நேரம் எதுவும் கிடையாது. உதவி நிலையம் ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் நின்று பேசினால், ஒரு மணி நேரம் எங்கே போனது என்றே தெரியாது.

உடம்பு எதில் ஓடுகிறது?

இங்கேதான் விஷயமே இருக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் இந்தப் பந்தயத்தை 11 மணி நேரத்தில் முடிக்க, தோராயமாக 5,000 முதல் 6,000 கலோரி செலவாகும். உடம்பிடம் இருப்பது இரண்டு டாங்க்.

முதலாவது, கிளைகோஜன். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து. நன்றாகச் சாப்பிட்டு வந்தவரிடமும் 400 முதல் 500 கிராம்தான் இருக்கும். அதாவது, அதிகபட்சம் 2,000 கலோரி. வேகமாக எரியும்; வேகமாகத் தீரும்.

இரண்டாவது, கொழுப்பு. ஒல்லியானவர் உடம்பில்கூட 50,000 கலோரிக்கு மேல் இருக்கும். தீரவே தீராது. ஆனால் இது மெதுவாகத்தான் எரியும். நிதானமாக மிதிக்கும்போது கைகொடுக்கும். மூச்சு வாங்க மிதித்தால், உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு கிளைகோஜனை எடுத்து எரிக்கத் தொடங்கிவிடும்.

முதல் ஏற்றத்தில் பக்கத்தில் போகிறவரைப் பார்த்து ரோஷம் வந்து அழுத்தினால் என்ன ஆகும் என்று புரிகிறதா? 5 நிமிடம் மிச்சம் பிடிப்பீர்கள். ஆனால், பவர்லைனுக்காக வைத்திருக்க வேண்டிய கிளைகோஜனைக் காலை 7 மணிக்கே செலவழித்துவிடுவீர்கள். அது தீர்ந்தால் கால் கனக்கும், தலை சுற்றும், காரணமே இல்லாமல் எரிச்சலோ அழுகையோ வரும். சைக்கிள்காரர்கள் இதை ‘பாங்க்’ என்பார்கள். பெட்ரோல் தீர்ந்த வண்டி எவ்வளவு கிக்கரை உதைத்தாலும் கிளம்பாது இல்லையா? அதே நிலைமைதான்.

ஆகவே, தயாரிப்புக்கு மூன்று வேலைகள்: கொழுப்பை எரிக்க உடம்பைப் பழக்குவது, ஓட்டிக்கொண்டே சாப்பிட வயிற்றைப் பழக்குவது, அவசரப்படாமல் இருக்க மனசைப் பழக்குவது.

6 மாதப் பயிற்சி எப்படி இருக்கும்?

முதல் ஆச்சரியம்: பயிற்சியின் பெரும்பகுதி மெதுவாகத்தான் இருக்க வேண்டும். உலகத் தரத்திலான நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த விளையாட்டு அறிவியலாளர் ஸ்டீபன் சீலர், அவர்களின் பயிற்சியில் சுமார் 80 சதவீதம் இலகுவான வேகத்தில் இருப்பதைக் கவனித்தார். மீதி 20 சதவீதம்தான் கடினம்.

இலகு என்றால் எவ்வளவு? கருவி எதுவும் வேண்டாம். மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். இந்த வேகத்தில் மாதக்கணக்கில் ஓட்டும்போது தசைக்குள் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கூடுகின்றன. சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. அதே வேகத்தில் கொழுப்பை அதிகமாக எரிக்கும் பழக்கம் வருகிறது. இது எதுவுமே இரண்டு வாரத்தில் நடக்காது. கடைசி நேரத்தில் விழுந்து விழுந்து படித்து பாஸ் பண்ணுகிற தேர்வு இல்லை இது.

வேலைக்குப் போகிறவருக்கு ஒரு மாதிரி வாரம்:

• திங்கள்: முழு ஓய்வு.
• செவ்வாய்: 1 மணி நேரம். இதில் 8 நிமிடம் கடினமாக, 2-3 நிமிடம் லேசாக என்று 4 சுற்று.
• புதன்: 1 மணி நேரம் இலகுவாக.
• வியாழன்: ஒன்றேகால் மணி நேரம். ஏற்றத்தில் சீரான, கொஞ்சம் சிரமமான வேகம்.
• வெள்ளி: சைக்கிள் இல்லை. இடுப்பு, முதுகு, தொடைக்கு 30 நிமிடத் தசைப் பயிற்சி.
• சனி: நீண்ட சவாரி. இரண்டரை மணி நேரத்தில் தொடங்கி, மாதங்கள் போகப் போக 7 மணி நேரம் வரை.
• ஞாயிறு: முந்தின நாள் களைப்போடு ஒன்றரை மணி நேரம், இலகுவாக.

மூன்று வாரம் ஏற்றிக்கொண்டே போய், நான்காவது வாரம் பாதியாகக் குறையுங்கள். அந்த நான்காவது வாரம் சோம்பேறித்தனம் கிடையாது. உடம்பு வலுவாவது மிதிக்கும்போது அல்ல, அதற்குப் பிறகான ஓய்வில்தான். காலையில் எழும்போது நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருகிறதா? உடம்பு ‘போதும்’ என்கிறது. அன்று சைக்கிளைத் தொட வேண்டாம்.

‘பந்தயத்துக்கு முன்னால் ஒருமுறை முழு 167 கி.மீ. ஓட்டிப் பார்க்க வேண்டாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. தேவையில்லை. அதிலிருந்து மீளவே பல நாட்கள் ஆகும். 7 மணி நேரம் ஓட்டியும் கடைசி ஒரு மணி நேரத்தில் வேகம் குறையவில்லை என்றால் போதும்.

இன்னொன்று. சனிக்கிழமைகள் எல்லாம் சைக்கிளுக்குப் போனால் வீட்டில் என்ன நடக்கும்? 6 மாதம் என்பது சுமார் 25 சனிக்கிழமை. குழந்தைகளின் பள்ளி விழா, சொந்தக்காரர் கல்யாணம், ஆபீஸ் டெட்லைன் எல்லாம் இதற்குள்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து பேசி, எந்த வாரம் எதை விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டவர்களால்தான் பயிற்சியைக் கடைசிவரை தொடர முடிகிறது.

வயிற்றுக்குமா பயிற்சி?

ஆமாம். இதைத்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

உள்ளே இருப்பது 2,000 கலோரி, செலவு 5,500. இடைவெளியைக் கொழுப்பு மட்டும் நிரப்பாது. ஓட்டிக்கொண்டே சாப்பிட்டாக வேண்டும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான இலக்கு. வாழைப்பழக் கணக்கில் சொன்னால், மணிக்கு 2 பெரிய பழம். 11 மணி நேரத்துக்கு 22 பழம்! யாராலும் முடியாது. அதனால்தான் ஜெல், சர்க்கரை கலந்த பானம், பேரீச்சம்பழம், உப்புப் போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றி எடுக்கிறார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யமான அறிவியல் இருக்கிறது. குளுக்கோஸ் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போக ஒரு வாசல் உண்டு. அந்த வாசல் வழியாக மணிக்கு சுமார் 60 கிராம்தான் போகும். அதற்கு மேல் எவ்வளவு குடித்தாலும் குடலிலேயே தேங்கி, வயிறு உப்பும், குமட்டும். ஆனால், பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ் போவது வேறு வாசல் வழியாக. இரண்டையும் கலந்து எடுத்தால் மணிக்கு 90 கிராம் வரைகூட உடம்பு ஏற்கும்.

பழகாத வயிற்றில் இது நடக்காது. எனவே, சனிக்கிழமை நீண்ட சவாரிகளில் பந்தயத்தன்று சாப்பிடப்போவதையே சாப்பிட்டுப் பாருங்கள். மணிக்கு 30 கிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். பசித்தபின் சாப்பிடலாம் என்று இருந்தால் தாமதமாகிவிடும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். அது அடித்தால் பசியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வாய்.

தண்ணீர்: குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து

உயரமான மலையில் காற்று உலர்ந்திருக்கும். வியர்வை வந்த சுவடே தெரியாமல் ஆவியாகிவிடும். ‘எனக்கு வேர்க்கவே இல்லையே’ என்று குடிக்காமல் விட்டால் மதியத்துக்குள் தலைவலி வரும்.

அதற்காகக் குடம் குடமாகக் குடிப்பதும் தப்பு. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குழப்பம், வாந்தி, வலிப்பு என்று போய் உயிரையே பறிக்கக்கூடிய நிலை இது. அரிதானது என்று நினைக்க வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது.

பொதுவாக மணிக்கு 500 முதல் 750 மி.லி., உப்புக் கலந்து எடுக்கலாம். உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால், இழந்தது ஏறக்குறைய 1 லிட்டர். ஓட்டியபின் எடை கூடியிருந்தால், தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

காற்று இருக்கு, ஆக்சிஜன் எங்கே?

லீட்வில் ஊரே சுமார் 3,090 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா சிகரத்தைவிட 450 மீட்டர் அதிகம். பந்தயம் தொடங்குவதே அங்கிருந்துதான்.

அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. சென்னை போன்ற கடலோர ஊரிலிருந்து போகிறவரின் உச்சபட்சத் திறன் 15 முதல் 20 சதவீதம் வரை குறையலாம். ஊரில் இலகுவாக இருந்த வேகம், அங்கே மூச்சு வாங்கும் வேகமாக மாறிவிடும்.

உயரம் பழகியவருக்கு இது எவ்வளவு சாதகம்? 2003 முதல் 2008 வரை தொடர்ந்து 6 முறை இந்தப் பந்தயத்தை வென்ற டேவ் வீன்ஸ் வசித்தது, 2,300 மீட்டருக்கு மேல் இருக்கும் கன்னிசன் என்ற கொலராடோ ஊரில். 2008-ல் 40 வயதைத் தாண்டிய அவர், லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கையே பின்னுக்குத் தள்ளினார். (ஊக்கமருந்து விவகாரத்தில் ஆம்ஸ்ட்ராங் தடை செய்யப்பட்டது பின்னால் நடந்த கதை.) வீன்ஸின் வெற்றிக்கு உயரம் மட்டுமே காரணம் இல்லை, திறமையும் அனுபவமும் உண்டு. ஆனாலும், வருடம் முழுக்க மெல்லிய காற்றில் பயிற்சி செய்வது சின்ன விஷயம் இல்லை.

நாம் என்ன செய்வது? முடிந்தால் 2-3 வாரம் முன்னதாகவே போய்விடுவது நல்லது. ரத்தச் சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். லீவு கிடைக்காதவர்களில் சிலர் கடைசி நாளில் போய் இறங்குவார்கள். உயர நோயின் அறிகுறிகள் முதல் ஓரிரு இரவுகளில்தான் அதிகம் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. எப்படிப் போனாலும், ஊரில் பழகிய வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். சில மாதங்களுக்கு முன்பே ரத்தத்தில் இரும்புச்சத்து அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரும்பு இல்லாமல் உடம்பால் சிவப்பணுக்களைத் தயாரிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை: மலையேற்றம் போகிறவர்கள் உயர நோய்க்குச் சாதாரணமாக எடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான ‘வாடா’வின் தடைப் பட்டியலில் உள்ளது. டாக்டரைக் கேட்காமல், பந்தய விதிகளைப் படிக்காமல் எடுக்க வேண்டாம்.

எந்த சைக்கிள்?

விலையைவிட முக்கியம், அது உங்களுக்குப் பழகிய சைக்கிளாக இருப்பது. இந்தப் பாதையில் பெரும்பகுதி ஜீப் சாலையும் மண் சாலையும்தான். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, எடை குறைந்த சைக்கிளே போதும். முதுகுவலி உள்ளவர்களுக்குப் பின்பக்கமும் சஸ்பென்ஷன் இருப்பது 10-வது மணி நேரத்தில் பெரிய நிம்மதி. கவனிக்க வேண்டியவை இவை:

• டயர்: உள்ளே சீலன்ட் திரவம் ஊற்றிய ட்யூப்லெஸ் டயர் நல்லது. சின்ன ஓட்டைகள் தானாக அடைபடும். காற்று 20 முதல் 25 பிஎஸ்ஐ வரை. கல்லில் குதிக்காமல் பிடித்து ஓடும்.
• கியர்: பின்சக்கரத்தில் 50 பல் அளவுக்குப் பெரிய சக்கரம் இருக்கட்டும். செங்குத்து ஏற்றத்தில் முட்டியைக் காப்பாற்றுவது அதுதான்.
• பிரேக் பேட், செயின்: பந்தயத்துக்கு 2 வாரம் முன்பே புதிதாக மாற்றி, 2-3 சவாரி ஓட்டிப் பழக்குங்கள். முந்தின நாள் எதையும் மாற்றாதீர்கள்.
• கையோடு இருக்க வேண்டியவை: ஒரு ட்யூப், டயர் அடைக்கும் பிளக், பம்ப், செயின் இணைப்பு, மல்டி டூல். இவற்றை வைத்திருந்தால் போதாது. வீட்டில் உட்கார்ந்து 10 நிமிடத்தில் பஞ்சர் சரிசெய்யப் பழகியிருக்க வேண்டும்.
• சீட், ஹேண்டில்: 3 மணி நேரத்தில் லேசாக உறுத்துவது 9-வது மணி நேரத்தில் தாங்க முடியாத வலியாகும். கை மரத்துப்போனாலும் சரி, உட்காருமிடம் எரிந்தாலும் சரி, பயிற்சியின்போதே உயரத்தையும் கோணத்தையும் மாற்றிப் பாருங்கள்.

ஏறத் தெரிந்தால் போதுமா?

போதாது. எலும்பு முறிவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். காலையில் பவர்லைனில் இறங்கும்போது, மழைநீர் அரித்த ஆழமான பள்ளங்கள் நடுவில் ஒரு சைக்கிள் அகலத்துக்குத்தான் நல்ல பாதை இருக்கும். கொலம்பைனிலோ வேறு பிரச்சினை. மேலிருந்து வேகமாக இறங்குகிறவர்களும் கீழிருந்து தள்ளாடி ஏறுகிறவர்களும் ஒரே பாதையில் எதிரெதிரே வருவார்கள்.

இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்கையை மடக்கி, பார்வையை 10-15 மீட்டர் முன்னால் வையுங்கள். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள். பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே இருக்காமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். பயமாக இருந்தால் இறங்கி நடக்கலாம். யாரும் கேலி செய்யப் போவதில்லை. 2 நிமிடம் போகும், அவ்வளவுதான். தோள் எலும்பு உடைந்தால் அந்த வருடமே போச்சு.

கடைசி இரண்டு வாரம்

இந்த நேரத்தில் யாருக்கும் ஒரு பதற்றம் வரும். ‘இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுத்திருக்கலாமோ?’ எடுக்காதீர்கள். இப்போது செய்யும் கூடுதல் பயிற்சி பந்தயத்துக்குள் பலமாக மாறாது. களைப்பாக மட்டுமே மிஞ்சும். பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் கொஞ்சம் வேகமாக மிதியுங்கள். கடைசி 2 நாட்கள் சோறு, பிரெட், உருளைக்கிழங்கு என்று மாவுச்சத்தைக் கூட்டுங்கள். எடை 1-2 கிலோ ஏறினால் பதற வேண்டாம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்துதான் சேமிப்பாகும்.

பந்தயம் காலை 6.30 மணிக்கு. 3.30-க்கே எழுந்து சாப்பிட்டுவிட வேண்டும். ஆகஸ்ட் என்றாலும் விடியற்காலைக் குளிர் நடுங்க வைக்கும். மதியம் திடீரென்று இடி மின்னலோடு மழை பிடிக்கும். கையுறை, மெல்லிய மழைச் சட்டை இரண்டும் கட்டாயம்.

துப்பாக்கி வெடித்ததும் கூட்டமே பறக்கும். அப்போது உங்கள் வேலை ஒன்றே ஒன்று: பேச முடிகிற வேகத்தில் போவது. முதல் ஏற்றத்தில் 100 பேர் உங்களைத் தாண்டிப் போகட்டும். அவர்களில் பலரை மதியத்துக்கு மேல் வழியில் பார்ப்பீர்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

கால் வலி, சலிப்பு, ‘எதுக்குடா இதெல்லாம்’ என்ற நினைப்பு எல்லாம் வரும், போகும். ஏதாவது சாப்பிட்டுவிட்டு 20 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆனால், சில அறிகுறிகளோடு பேரம் பேசக் கூடாது. நெஞ்சுவலி, நின்றாலும் அடங்காத மூச்சிரைப்பு, நுரையோடு இருமல், குடித்தவர் போல் தள்ளாட்டம், எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம், கோலா நிறத்தில் சிறுநீர். இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்தி, உதவி கேளுங்கள். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும் உயர நோய்க்கு முதல் மருந்து, உடனே கீழே இறங்குவது. 35 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே டாக்டரிடம் போய் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நான் எங்கே தொடங்குவது?

லீட்வில்லுக்குப் பெயர் கொடுப்பது இருக்கட்டும். இந்த சனிக்கிழமை 2 மணி நேரம் ஓட்டுங்கள். விதி மூன்றுதான்: கடைசிவரை பேச முடிகிற வேகம், 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாய், முதல் மணி நேரத்தில் போன தூரத்தை இரண்டாவது மணி நேரத்திலும் போக வேண்டும்.

பெரும்பாலானவர்கள் முதல் தடவை மூன்றாவது விதியில் தோற்றுப்போவார்கள். பரவாயில்லை. அந்த விதி சரியாக வரும்போது அதை 3 மணி நேரமாக்குங்கள், பிறகு 4. 7 மணி நேரத்திலும் அது சரியாக வரும் நாளில், குலுக்கலுக்குப் பெயர் கொடுப்பதைப் பற்றி வீட்டில் பேச ஆரம்பிக்கலாம்.